தண்ணீரை முதலில் நிறுத்துங்கள்: தென்னாப்பிரிக்க வீட்டுக் குழாய்ப் பழுதுகளுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கையறை சீலிங்கிலிருந்து சொட்டத் தொடங்கிய தண்ணீர் அரை மணி நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. வாளி வைத்தேன், துணி விரித்தேன், டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரைக்குள் ஏறினேன், ஆனால் தண்ணீரை எங்கே அடைப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். சத்தம் கேட்டு அந்த வீட்டு ஆயா வந்தார். "தம்பி, முதல்ல தண்ணிய நிறுத்து, அப்புறம் ஏறிப் பாரு" என்று சொல்லிவிட்டு வாசல் கேட் பக்கத்தில் இருந்த புல்லைக் காட்டினார். புல் முழுக்க மூடிக் கிடந்த மீட்டர் பெட்டியைச் சமையல் கத்தியால் கீறித்தான் திறந்தோம்.

அதற்குப் பிறகு 11 வருடத்தில் எங்கள் வீட்டிலும் நண்பர்கள் வீட்டிலும் பார்த்த பழுதுகளை வைத்து இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து புதிதாக இங்கே வருகிற குடும்பங்களுக்கு இது ரொம்பத் தேவை, ஏனென்றால் இங்கே வீட்டுத் தண்ணீர் ஓடுகிற விதமே வேறு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீர் இல்லை இது. மாநகராட்சிக் குழாயிலிருந்து முழு அழுத்தத்தோடு நேராக உள்ளே வருகிறது. ஒரு இணைப்பு விட்டுப்போனால் தொட்டி காலியானதும் நின்றுவிடும் என்ற பேச்சே கிடையாது, நீங்கள் அடைக்கிற வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

பழுது வருவதற்கு முன்னால், இன்றைக்கே

மீட்டர் பெட்டி பெரும்பாலும் காம்பவுண்டு ஓரத்திலோ வெளியே நடைபாதையிலோ இருக்கும். மீட்டரை ஒட்டி ஒரு ஸ்டாப் காக், அதாவது தண்ணீரை அடைக்கும் வால்வு, இருக்கும். சில வீடுகளில் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் கண்டுபிடித்து, கையால் மூடிப் பார்த்து, வீட்டுக்குள் குழாய் நிற்கிறதா என்று சோதியுங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். நீளமான கம்பியை மாட்டி நெம்பாதீர்கள், தண்டு முறிந்தால் பிரச்சினை இரண்டாகிவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று திருப்பி விட்டால் அடுத்த முறை இறுகாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மூடித் திறப்பது போதும்.

அடுத்து டிபி போர்டு, அதாவது வீட்டு மின்சாரச் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டி. அதில் கீசருக்கான சுவிட்ச் எது என்று எழுதி ஒட்டுங்கள். கழிவறை, வாஷ்பேசின் அடியில் ஆங்கிள் வால்வ் (அந்த ஒன்றுக்கு மட்டும் தண்ணீரை அடைக்கும் சின்ன வால்வு) இருந்தால் அவற்றையும் திருகிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், பெரியவர்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உட்பட, இந்த இடங்களைக் காட்டிவையுங்கள். குழாய் வெடிக்கும்போது நீங்கள் வேலையில் இருக்கலாம்.

மீட்டருக்குப் பிறகு உள்ள குழாயில் ஒழுகுகிற தண்ணீர் உங்கள் பில்லில்தான் ஏறும். அதனால் மாதம் ஒருமுறை மீட்டரை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். ராத்திரி எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, வாஷிங் மெஷின் ஓடவில்லை, கழிவறைத் தொட்டி நிரம்பிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு எண்கள் கிலோ லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் கணக்கு. சிவப்பு எண்கள் லிட்டர். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடாமல் இருந்து மறுபடி பாருங்கள். சிவப்பு நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வீட்டுப் பக்க ஸ்டாப் காக்கை மூடி மறுபடி சோதித்தால் ஒழுகல் வீட்டுக்குள்ளா, மண்ணுக்குள்ளா என்று தெரிந்துவிடும். டர்பனில் ஜூன், ஜூலை மழையில்லாத மாதங்கள், புல் காயும் காலம். அப்போது முற்றத்தில் ஒரே ஒரு திட்டு மட்டும் பச்சையாக, காலை வைத்தால் பொதபொதவென்று இருந்தால் அங்கேதான் தோண்ட வேண்டும்.

சொட்டுகிற குழாய்

சொட்டுதானே என்று விடாதீர்கள். அடியில் ஒரு பாத்திரம் வைத்து அளந்து பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாய் ஒரு நாளில் சுமார் 20 லிட்டர் வரை வீணாக்கிவிடும். 2018 வறட்சியில் கேப் டவுனில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்தார்கள், குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து. அதோடு ஒப்பிட்டால் இந்தச் சொட்டின் அளவு புரியும்.

மூக்கு நுனியில் சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடி அடியில் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள வளையம் போயிருக்கிறது. கால் சுற்றில் திறக்கிற புது மாதிரிக் குழாய் என்றால் அதில் வாஷர் இருக்காது, செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை அப்படியே கழற்றி, அதே அளவில் புதியதை மாட்ட வேண்டியதுதான், பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

பழைய திருகு குழாய்க்கு வாஷர் மாற்றும் முறை இது. தண்ணீரை நிறுத்தி, குழாயைத் திறந்து உள்ளே இருப்பதை வடியவிடுங்கள். வடிகால் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், சின்னத் திருகாணி விழுந்தால் அதைத் தேடுவதே தனி வேலை. மேல் மூடியை நெம்பி, திருகாணியைக் கழற்றி, கைப்பிடியை எடுங்கள். அடியில் தெரியும் பித்தளை நட்டில் ஸ்பேனரை மாட்டி, இன்னொரு கையால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள், பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பு அசையும். தலைப்பகுதி கையோடு வந்துவிடும், அதன் நுனியில்தான் ரப்பர் வாஷர். மாற்றும் முன் உள்ளே விரலை விட்டு வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். அது குழி விழுந்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் ஒரு மாதத்தில் மறுபடி சொட்டும். அதைத் தேய்த்துச் சமப்படுத்த ஹார்டுவேர் கடையில் ஒரு சின்னக் கருவி கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு எடுத்த வரிசைக்குத் தலைகீழாக மாட்டுங்கள். புது வாஷரோடு குழாயை இறுக்கி மூடவே கூடாது, தண்ணீர் நிற்கிற அளவு போதும்.

தண்ணீர் மெலிதாக வந்தால் குழாய் மேல் பழி போடாமல் மூக்கில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். இங்கே தண்ணீர் தடைபட்டுத் திரும்பி வரும்போது மண்ணும் துருவும் சேர்ந்து வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அங்குள்ளவர்கள் பல மாதம் லாரித் தண்ணீரை நம்பி இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சின்னத் தடை என்றாலும் பாடம் ஒன்றுதான்: தண்ணீர் திரும்பியதும் முதலில் வெளித் தோட்டக் குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிடுங்கள், அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடலாம். அப்புறம்தான் வீட்டுக்குள் திறக்க வேண்டும்.

கழிவறைத் தொட்டி

சத்தமே இல்லாமல் அதிகத் தண்ணீரைக் குடிப்பது இதுதான். தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கினால் ஒழுகல் உறுதி. மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்வரை ஏறி உள்ளே வழிந்தால் கோளாறு நிரப்பும் வால்வில். மிதவையைத் திருகாணியால் கீழே இறக்கி, நீர்மட்டம் அந்த வாய்க்கு இரண்டு விரல் கீழே நிற்கும்படி வையுங்கள். அப்படியும் நிற்காமல் ஏறினால் வால்வுக்குள் மண் சிக்கியிருக்கும் அல்லது அதன் ரப்பர் போயிருக்கும், கழற்றிக் கழுவிப் பாருங்கள். நீர்மட்டம் சரியாக இருந்தும் நிறம் இறங்குகிறதென்றால் அடியில் உள்ள ஃப்ளஷ் வால்வின் ரப்பர்தான். ஆங்கிள் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து, ரப்பரை எடுத்து, அது உட்காரும் இடத்தில் படிந்திருக்கும் வழுவழுப்பைத் துணியால் துடைத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். கால் மணி நேர வேலை, இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கீசர்: இதை நிதானமாகப் படியுங்கள்

ஊரில் கீசர் என்றால் குளியலறைச் சுவரில் மாட்டிய 15 அல்லது 25 லிட்டர் டப்பா. இங்கே பெரும்பாலும் கூரைக்குள் படுத்திருக்கும் 100, 150, 200 லிட்டர் தொட்டி. உள்ளே அழுத்தமும் சூடும் சேர்ந்து இருக்கிறது. அதனால் இதன் அடையாளங்களைத் தெரிந்துகொள்வது உங்கள் வேலை, கழற்றுவது பிளம்பர் வேலை. இதில் நான் எப்போதும் உறுதியாக இருக்கிறேன்.

வெளியே போய்க் கூரை ஓரத்தைப் பாருங்கள். கீசரிலிருந்து இரண்டு வகைக் குழாய் வெளியே நீட்டியிருக்கும். ஒன்று மெல்லிய செம்புக் குழாய், அழுத்த வால்வு, பாதுகாப்பு வால்வு இவற்றிலிருந்து வருவது. இன்னொன்று தடித்த பிளாஸ்டிக் குழாய், கீசருக்கு அடியில் உள்ள தட்டிலிருந்து வருவது. எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

செம்புக் குழாயில் தண்ணீர் சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது இயல்பு. 150 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது சுமார் 2 லிட்டர் அளவுக்குப் பெருகும், அந்தப் பெருக்கம் எங்கேயாவது போக வேண்டுமல்லவா. பகல் ராத்திரி நிற்காமல், குளிர்ந்த தண்ணீராக ஓடினால் அழுத்த வால்வு பழுது. இது பெரும்பாலும் 400 கிலோ பாஸ்கல் அழுத்தத்துக்கு அமைந்திருக்கும், அதன் சல்லடையில் மண் சேர்ந்தாலும், உள் ரப்பர் கெட்டாலும் இப்படி ஆகும். சூடான குழாயில் மட்டும் தண்ணீர் மெலிந்தால் அதே வால்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கொதிக்கிற தண்ணீரோ ஆவியோ வந்தால் நிலைமை வேறு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு, கீசர் நிற்காமல் சூடேறிக்கொண்டிருக்கிறது, பாதுகாப்பு வால்வுதான் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. டிபி போர்டில் கீசரை உடனே அணைத்துவிட்டு, பிளம்பர் வரும்வரை சூடான குழாயைத் திறக்காதீர்கள், தோல் வெந்துவிடும். ஒரு வீட்டில் சொட்டுகிறதே என்று இந்தக் குழாய்க்கு மரக்கட்டை அடைத்து வைத்திருந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. வெளியேற வழியில்லாத 150 லிட்டர் கொதிநீர் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகும். எக்காரணத்தைக் கொண்டும் அடைக்காதீர்கள்.

தடித்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் வந்தால் தொட்டியோ அதன் இணைப்போ ஒழுகித் தட்டில் விழுகிறது. அன்று எங்கள் வீட்டில் அந்தத் தட்டே வைக்கப்படவில்லை, அதனால்தான் தண்ணீர் நேராக சீலிங்குக்கு வந்தது. கீசர் மின்சாரத்தை அணையுங்கள், ஸ்டாப் காக்கை மூடுங்கள், பிறகு சூடான குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். சீலிங் வயிறு போல் தொங்கினால் அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம். அந்த அறையின் விளக்குச் சுவிட்சையும் டிபி போர்டிலேயே அணையுங்கள். புகைப்படம் எடுத்துவைத்துக்கொண்டு காப்பீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டடக் காப்பீடு இருக்கும், வெடித்த கீசர் அதில் அடங்குமா என்று பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு அடையாளம்: கீசர் சூடேறத் தொடங்கியதும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது, கீசரை மட்டும் அணைத்துவிட்டால் நிற்கிறது. உள்ளே எலிமென்ட், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பி, வெடித்து மின்சாரம் தண்ணீருக்குக் கசிகிறது என்று பொருள். திரும்பத் திரும்ப மேலே தூக்கிவிடாதீர்கள். குழாயைத் தொட்டால் சுருக்கென்று அடித்தாலும் அது குழாய்ப் பழுது அல்ல, மின் பழுது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் தடைபடும் நாட்களில் கீசரை அணைத்துவைப்பது நல்ல பழக்கம். வேக்யூம் பிரேக்கர் (தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் காற்றை உள்ளே விடும் வால்வு) இல்லாத, அல்லது அது கெட்டுப்போன கீசரில் தண்ணீர் வந்த வழியே உறிஞ்சப்பட்டு எலிமென்ட் காற்றில் காய்ந்து எரிந்துபோகலாம். தண்ணீர் வந்ததும் சூடான குழாயைத் திறந்து, காற்றெல்லாம் போய்ச் சீராக ஓடிய பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

அடைப்பு

ஒரே ஒரு சிங்க் மட்டும் மெதுவாக வடிந்தால் அடைப்பு அதன் அடியில். சிங்க், குளியலறை, கழிவறை எல்லாம் ஒன்றாகக் குமிழ் விட்டால் அடைப்பு வெளிக் குழாயில், வீட்டுக்குள் எதைக் குத்தினாலும் பயனில்லை.

நம் வீட்டு சிங்க் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயும் மாவும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள் எத்தனை வீட்டில் சிங்க் அடைக்கிறது என்று பாருங்கள், அந்தப் பெரிய அண்டாக்களைச் சுரண்டாமல் கழுவினால் கேழ்வரகு குழாய்க்குள் பசை போல் பிடித்துக்கொள்ளும். அண்டாவை முதலில் சுரண்டி, மிச்சத்தைக் குப்பையிலோ தோட்டத்திலோ போடுங்கள். வடை சுட்ட எண்ணெயை ஆறவிட்டுப் பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

அடைத்துவிட்டால், சிங்க்கில் ரப்பர் கப் மூழ்கும் அளவு தண்ணீர் நிறுத்தி, பக்கத்துக் கிண்ணத்தின் ஓட்டையையும் வழிவு ஓட்டையையும் ஈரத்துணியால் இறுக்கி அடைத்து, பிளஞ்சரால் இருபது முறை அழுத்துங்கள். அந்தத் துணியை வைக்காததால்தான் பலருக்குப் பிளஞ்சர் வேலை செய்வதில்லை, அழுத்தமெல்லாம் அந்த ஓட்டை வழியே போய்விடுகிறது. போகவில்லையா, அடியில் வாளி வைத்து வளைந்த டிராப் குழாயைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். மாட்டும்போது ரப்பர் வளையம் மடங்காமல் இருக்கட்டும். சோடா உப்பும் வினிகரும் நுரை வரும், நாற்றம் போகும், கெட்டியான அடைப்பு போகாது. காஸ்டிக் சோடா போட்டிருந்தால் அதற்கு மேல் பிளஞ்சர் போடாதீர்கள், முகத்தில் தெறிக்கும். அதோடு வேறு ரசாயனம் எதையும் கலக்கவே கூடாது.

சமையலறைக்கு வெளியே சுவரோரம் சிங்க் தண்ணீர் விழுகிற குழி ஒன்று இருக்கும், இங்கே கல்லி என்பார்கள். அதன் கம்பி மூடியில் சேரும் சோற்றுப் பருக்கை, இலைகளை வாரம் ஒருமுறை எடுங்கள். அதன் விளிம்பு தரையை விட உயரமாக இருக்க வேண்டும், மழைநீர் அதில் இறங்கக் கூடாது. கூரைத் தண்ணீரைக் கல்லியில் விடுவது சட்டப்படியும் தவறு. டர்பன் கோடை மழையில் சாக்கடை மேன்ஹோல்கள் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் வாசலில்தான் அது வந்து நிற்கும். உங்கள் எல்லைக்கு வெளியே உள்ள மேன்ஹோல் நிரம்பி நின்றால் அது மாநகராட்சி சரிசெய்ய வேண்டியது, புகார் எண்ணை வாங்கிக் குறித்துவையுங்கள்.

வெடித்த குழாய்

1960, 70களில் கட்டிய வீடுகளில் கால்வனைஸ் இரும்புக் குழாய் இன்னும் இருக்கலாம். காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வருவதும், அழுத்தம் வருடா வருடம் குறைவதும் அது உள்ளிருந்து துருப்பிடிப்பதன் அடையாளம். ஊசி ஓட்டை விழுந்தால் தற்காலிகமாகச் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்கலாம். ஒரு ராத்திரிக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

செம்புக் குழாய் என்றால் 15 அல்லது 22 மில்லிமீட்டர் இருக்கும், வெளியே தெரிகிற இடத்தில் ஓட்டை என்றால் நீங்களே மாற்றலாம். தண்ணீரை நிறுத்தி, வடியவிட்டு, கெட்ட பகுதியைக் குழாய் வெட்டும் கருவியால் நேராக வெட்டுங்கள். பிசிறைத் தேயுங்கள். கம்ப்ரஷன் இணைப்பின் (பற்றவைக்காமல் நட்டை இறுக்கியே பொருத்துவது) நட்டை முதலில், அதன் பின் ஆலிவ் என்ற பித்தளை வளையத்தைக் குழாயில் ஏற்றி, குழாயை இணைப்பின் அடிவரை தள்ளி, கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று. கசிந்தால் இன்னும் கால் சுற்று. அதிகம் இறுக்கினால் வளையம் நசுங்கி மேலும் கசியும். செம்பையும் கால்வனைஸ் இரும்பையும் நேரடியாக இணைக்காதீர்கள், நடுவில் பித்தளை இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு சீக்கிரம் அரித்துப் போகும்.

பிளம்பரைக் கூப்பிடும்போது

கீசர், சுவருக்குள் ஒழுகல், வெளிச் சாக்கடைக் குழாய் இந்த மூன்றும் அவர்களுக்கு. பிளம்பர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிளம்பிங் இண்டஸ்ட்ரி ரெஜிஸ்ட்ரேஷன் போர்டில் பதிவு உள்ளவரா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். கீசர் மாற்றினால், வேலை விதிப்படி நடந்தது என்று காட்டும் கம்ப்ளையன்ஸ் சான்றிதழ் வாங்கிய பிறகு முழுப் பணமும் கொடுங்கள், அது இல்லாவிட்டால் நாளைக்குக் காப்பீட்டில் இழுபறி வரும். அவர் கிளம்புவதற்கு முன் டார்ச்சோடு நீங்களும் ஏறிப் பாருங்கள்: அடியில் தட்டு இருக்கிறதா, அதன் குழாய் வெளியே போகிறதா, பாதுகாப்பு வால்வின் குழாய் உலோகமா, குளிர்ந்த பக்கமும் சூடான பக்கமும் வேக்யூம் பிரேக்கர் இருக்கிறதா, கீசர் பக்கத்தில் தனி சுவிட்ச் இருக்கிறதா. புகைப்படம் எடுங்கள். அன்று ராத்திரி மீட்டரைக் குறித்துவைத்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் போய் மறுபடி பாருங்கள்.